அலையோடு ஒரு பிரதி

"கோளாறுன்னு எவன் தம்பி சொன்னான்? அதுதான் பாட்டே."

பாதி திறந்த கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா மேனேஜரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஒலிக்காப்பகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் தென்கிழக்கு ஆசியத் தீவு ஒன்றுக்குப் போய், அந்த ஊர்க்காரர்கள் வாசித்த வெண்கலச் சேகண்டிகளை டேப்பில் பிடித்து வந்தவர்.

டேப் பழசு, மெஷின் ஆடியிருக்கும், ஒலி அலையடித்தது, அதைத்தானே சரி செய்தோம் என்று மேனேஜர் தணிந்து சொன்னார்.

நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. அதில் எதுவும் ஓடவில்லை.

மேஜையில் இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரே அளவு தண்ணீர். அக்கா ஒன்றிலிருந்து உதடு நனைகிற அளவு குடித்தார். இரண்டையும் பேனாவால் ஒருசேரத் தட்டினார்.

ஒலி நேராக நிற்கவில்லை. மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது.

அந்த ஊர்க் கொல்லர் சேகண்டியை ஜோடியாகத்தான் செய்வாராம். ஒன்றை வேண்டுமென்றே ஒரு துளி சுருதி இறங்கும்படி அரத்தால் அராவுவாராம். சேர்த்து அடித்தால் இந்த அலை வரும். ஊருக்கு ஊர் அதன் வேகம் வேறு.

வெள்ளத்தில் அவர்களுடைய சேகண்டிகள் போய்விட்டன. இப்போது புதிதாக வார்க்கிறார்கள். எவ்வளவு அராவுவது என்று இந்த டேப்பைக் கேட்டால்தான் தெரியும். அக்கா வந்ததே அதற்குத்தான்.

"அசல் டேப்பையாவது குடுங்க. நானே அனுப்பிக்கிறேன்."

அசல் பூஞ்சை பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றியதும் போன வருடமே கழித்துக்கட்டியாயிற்று, இப்போது இருப்பது சரி செய்த பிரதி மட்டும்தான் என்றார் மேனேஜர். சரி செய்தது கம்ப்யூட்டர், ஆள் யாரையும் குறை சொல்வதற்கில்லை என்றார். என் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

கம்ப்யூட்டர் தானாகச் செய்யாது. ஒவ்வொரு பாட்டுக்கும் கேட்கும்: இது கோளாறா, ஆம், இல்லை.

நாற்பத்தொரு பாட்டு. நாற்பத்தொரு தடவையும் 'ஆம்' அழுத்தியது நான்தான்.

அக்காவிடம் நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. இந்தப் பதிவைப் படித்தால் இப்படியே தெரிந்துகொள்ளட்டும்.

பத்து வருடத்துக்கு முன், நான் கை வைப்பதற்கு முன்னால், கேட்டவர்களுக்கெல்லாம் இந்தப் பாட்டுகளை சிடி போட்டுக் கொடுத்தோம். பச்சை உறை. உங்களில் யார் வீட்டிலாவது கிடந்தால், கீறலும் இரைச்சலுமாக இருந்தாலும் சரி, இங்கே பதில் போடுங்கள்.

தயவுசெய்து, எதையும் சரி செய்து அனுப்பாதீர்கள்.