நாற்பதாவது ஆண்டுக் கேபிள்கள்

“அணு உலைக்கு நாற்பது வருஷமானா கேபிள் எல்லாம் இத்துப்போகுமே லீலா, அப்ப?” என்று கேட்டார் மேலாளர் ஹனீபா.

“முப்பத்தஞ்சுலயே மாத்திடுறோம் சார்.”

“மாத்தறப்ப கரண்ட் போனா?”

“தனி ஜெனரேட்டர் இருக்கு சார்.”

“அதுக்கும் வயசாகியிருக்குமே?”

லீலா பல்லைக் கடித்துக்கொண்டாள். உலை பழசானாலும் பத்திரமாக ஓடுவதற்கான அந்தத் திட்டத்தை அவள் திருத்துவது இது பதினோராவது முறை. அதற்காகவே அவளுடைய தேனிலவு மூன்று முறை தள்ளிப்போயிருந்தது. இன்று கையெழுத்தாகாவிட்டால் நாளைய விமானமும் போய்விடும்.

“இன்னும் கேள்வி முடியல” என்று அவள் அனுப்பியதற்கு, டோபி காட் ரயில் ஸ்டேஷனில் காத்திருந்த கணவன் சரத்திடமிருந்து பதில் மெசேஜ் வந்தது. “பொண்ணு பார்க்க வந்தப்ப எங்கம்மாகூட உன்னை இவ்ளோ கேள்வி கேக்கல லா!”

சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். “ஜெனரேட்டர் ஒண்ணுக்கு மூணா இருக்கு சார். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அக்கு அக்காகப் பிரிச்சுப் பார்ப்போம். வெள்ளம் வந்தாலும் எட்டாத உயரத்துல வச்சிருக்கோம்.”

ஹனீபா ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார். “ஒரு வாரம்தானே லீவு கேட்டீங்க? ஒரு மாசமே எடுத்துக்குங்க.”

லீலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “தலை போற அவசரம்னு மூணு தடவை லீவைத் தடுத்தீங்களே சார்!”

“திட்டம்தான் அவசரம்,” என்றார் ஹனீபா, கோப்பைப் பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டியபடி. “நம்ம குட்டித் தீவு நாட்டுல அணு உலை கட்டலாமா வேண்டாமான்னு இன்னும் முடிவே பண்ணலையே!”