தூணில் காது வைத்தவர்

இசக்கிமுத்து தூணில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். விரலை மடக்கி மெல்லத் தட்டினார். மறுபடியும் காதை வைத்தார்.

மர்சலின் டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கணவர் இக்னேஷியஸும் இதே தூணில் இப்படித்தான் காதை வைப்பார். "வீடு பேசுது, வந்து கேளு" என்று கூப்பிடுவார்.

ஒரு காலத்தில் மெட்ராஸில் பெரிய மனிதர்கள் யார் கட்டடம் கட்ட நினைத்தாலும், முதலில் இந்த சாந்தோம் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். அத்தனை பேருக்கும் இக்னேஷியஸ்தான் வரைந்து கொடுத்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும், அவர் உட்கார்ந்து வரைந்த மாடி அறையில் ஒரு பென்சிலைக்கூட டீச்சர் நகர்த்தவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அலுக்காமல் சுற்றிக் காட்டினார்.

இப்போது உடம்பு கேட்கவில்லை. பெங்களூரில் இருக்கும் தங்கை ஆனியோடு போய் இருந்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. வீட்டை விற்றுத்தான் ஆகவேண்டும். ஆனால் அதை அப்படியே வைத்துக் காப்பாற்றுகிற ஆளுக்குத்தான் கொடுப்பது என்று டீச்சர் ஒற்றைக்காலில் நின்றார்.

அதற்கு அவர் வைத்த பரீட்சை ஒன்றுதான். வாங்க வருகிறவரை வீடு முழுக்கச் சுற்றிக் காட்டுவார், அவர் எதைப் பார்க்கிறார் என்று கவனிப்பார். வந்தவர்களோ வீட்டைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்தார்கள். ஒரு வக்கீல் கிணற்றை எட்டிப் பார்த்ததோடு சரி. ஒரு டாக்டர் மனைவி வரைபட மேசையைக் காட்டி, "இதைத் தூக்கிக் கடாசிட்டா ரெண்டு கட்டில் போடலாம்" என்றாள். இரண்டு பேருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

"அத்தை, இவரு வேற மாதிரி" என்று சொல்லித்தான் அண்ணன் மகன் வால்டர் இசக்கிமுத்துவை அழைத்து வந்திருந்தான். "மாம்பலத்துல கடை. பழைய வீடுன்னாதான் வாங்குவாரு. புது வீட்டை ஏறெடுத்தும் பாக்கமாட்டாரு."

திருநெல்வேலிக்காரர் என்பதால் ஜவுளிக்கடையாக இருக்கும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

"பர்மா தேக்குதானம்மா?" இசக்கிமுத்து தூணை விட மனமில்லாமல் கேட்டார்.

"ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வந்தது. இறக்கும்போது அவரே ஹார்பர்ல நின்னாரு."

"ஜப்பான் சண்டை வந்ததுக்கப்புறம் அந்த மரத்தைக் கண்ணால பாக்க முடியலையேம்மா." உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தவர் நாற்காலியில் முட்டிக்கொண்டார்.

டீச்சர் மாடிப்படியைக் காட்டினார். "இதுல ஒரு ஆணி கிடையாது. எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்ததுதான்."

"ஆணியே இல்லையா?" இசக்கிமுத்து படிக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளை வேட்டி முட்டியில் அழுக்காகிவிட்டது. அதைத் தட்டிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"சுவரு சுண்ணாம்பா, சிமெண்டாம்மா? சும்மாதான் கேக்குதேன்."

"சுண்ணாம்புதான். கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைச்சது. சிமெண்டுன்னா அவருக்கு ஆகவே ஆகாது."

"நல்ல மனுசன்" என்றார் இசக்கிமுத்து. மனதாரத்தான் சொன்னார்.

மாடி அறையில் வடக்கு ஜன்னல் வெளிச்சம் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. இசக்கிமுத்து மேசையை உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். "ஒரே பலகை. இந்த அகலத்துல நான் பாத்ததே இல்லம்மா."

டீச்சர் அழுதுவிட்டார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ இஞ்சினீயர்கள் வந்தார்கள், வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஒருவர்கூட இந்த வீட்டை இப்படித் தொட்டதில்லை.

"வால்டர், நீ எழுதி வச்சிருக்கிற பத்திரத்தைக் கொண்டா."

"விலை இன்னும் பேசவேயில்லையே அத்தை."

"அவரு சொல்றதே போதும்."

கணவரின் மேசையில் வைத்தே கையெழுத்துப் போட்டார். வால்டர் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் பத்திரத்தை மடித்துக்கொண்டான்.

"நாளைக்கே ரயில் ஏறிடுவேன். நான் எதையும் எடுத்துக்கிட்டுப் போகலை" என்றார் டீச்சர், சாவிக்கொத்தை நீட்டியபடி. "மேசை, அவரு வரைஞ்ச படம் எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

"சரிம்மா."

டீச்சர் வாசல்வரை கூடவே வந்தார். பல நாள் பாரம் இறங்கிய முகம். "உங்கள்ல பால் காய்ச்சித்தானே குடி வருவீங்க? எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. பெங்களூர்லேர்ந்து வந்துடறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த இசக்கிமுத்து நிமிர்ந்து வால்டரைப் பார்த்தார். வால்டர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை மரத்தையெல்லாம் கழட்டிக் கடைக்கு ஏத்திட்டு இடிக்க ஆரம்பிச்சிருவோம்மா, இந்தப் பக்கம் வந்துராதீங்க, ஒரே தூசியா இருக்கும்."