ஆழமான பகுதி

அந்தப் பெரிய ஏரியை எந்த ராஜா வெட்டினான் என்பது ஏரிக்கே மறந்துபோயிருந்தது. அவ்வளவு பழசு. அந்தக் கோடையில் அது பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. ஆனாலும் கரையில் நின்ற பலகை, "ஆழமான பகுதி, இறங்காதே!" என்று எல்லாரையும் அதட்டிக்கொண்டே இருந்தது. ஏரி பார்க்க வந்தவர்களும் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "அம்மாடி, என்ன ஆழம்!" என்று நடுங்கினார்கள்.

ஏரியின் நட்டநடுவே படுத்திருந்த எருமை தலையைத் தூக்கியது. "ஏம்ப்பா, இங்கே என் குளம்பு நனையக்கூடத் தண்ணி இல்லையே?"

"நீ முழுகிச் செத்து எத்தனையோ நாளாச்சு. பேசாம கிட!" என்றது பலகை.

எருமைக்கு வந்ததே கோபம். ஓடி வந்து ஒரே முட்டு முட்டியது. பலகை பெயர்ந்து கொம்பில் வசமாக மாட்டிக்கொண்டது. எவ்வளவு உதறியும் கழலவில்லை.

யாராவது கழற்றிவிடுவார்கள் என்று எருமை டீக்கடைக்கு நடந்தது. அங்கே இருந்தவர்கள் பலகையைப் படித்ததும் அலறியடித்துக்கொண்டு பெஞ்சுமேல் ஏறி நின்றார்கள்.

"யாராவது கொஞ்சம் கிட்ட வாங்களேன்" என்று கெஞ்சியது எருமை.

"எனக்கு நீச்சல் தெரியாதே" என்றார் டீ மாஸ்டர்.