சின்னப் பக்கத்தின் திருத்தம்

மல்லிகைக் குச்சியை நட்டு வளர்ப்பது எப்படி என்று சொல்லும் சின்ன இணையப் பக்கம் ஒன்று இருந்தது. பெரிய தளம் ஒன்று அதை வரி விடாமல் நகலெடுத்தது. படத்தின் ஓரத்தில் தவறுதலாக விழுந்திருந்த, எழுதியவளின் கட்டைவிரலைக்கூட விடவில்லை. சில நாட்களில் தேடுபொறி நகலை முதலிடத்தில் வைத்தது; சின்னப் பக்கத்தை ஐம்பதாவது இடத்துக்கு அனுப்பியது.

"அண்ணே, அந்தக் கட்டைவிரல் எங்க வீட்டுது," என்றது சின்னப் பக்கம், தேடுபொறியிடம்.

"இருக்கட்டும்மா. ரெண்டும் ஒண்ணுதானே? கூட்டம் இருக்கிற இடத்தைத்தான் நான் காட்டுவேன்."

"ஒண்ணு இல்லண்ணே. முதல்ல நாங்க தினமும் தண்ணி ஊத்தச் சொன்னது தப்பு, வேர் அழுகிடும். நேத்து திருத்திட்டோம்."

தேடுபொறி ஒருமுறை சுற்றிப் பார்த்தது. அதற்குள் நகலைப் பார்த்து முப்பது நகல்கள் வந்திருந்தன.

"எல்லாரும் தினமும் ஊத்துன்னுதான் சொல்றாங்க. நீ மட்டும் ஏம்மா மாத்திச் சொல்றே?" என்று சின்னப் பக்கத்தை எழுபதாவது இடத்துக்குத் தள்ளியது.

மறுநாள் நகல் எட்டிப் பார்த்தது. "அக்கா, புதுசா ஏதாச்சும் எழுதியிருக்கீங்களா?"

சின்னப் பக்கத்துக்குக் கோபப்படவும் தெம்பில்லை.

"ஒரே ஒரு வரி இருக்கு. திருடுறதுதான் திருடுறே, அதையும் சேர்த்து எடுத்துட்டுப் போ தாயே. ஊரெல்லாம் செடி அழுகுது."