எர்லானின் கடைசிச் சண்டை

செந்துறை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் குத்துச்சண்டைக்காரன் பிரேமின் டீ ஏடு படிந்து ஆறிக்கொண்டிருக்கிறது. அவன் கையிலிருக்கும் செல்போனில் ஆசிய இறுதிப் போட்டி ஓடுகிறது. நீலப் பனியனில் கஜகஸ்தான் எர்லான்; மூன்று முறை சாம்பியன், இதுதான் கடைசிச் சண்டை என்று அறிவித்துவிட்டவன். போன வருடம் அரையிறுதியில் பிரேமைச் சாய்த்தவனும் அவன்தான். “ஒன் மூக்க ஒடச்சவனுக்காடா இப்படிக் கத்துற?” என்கிறாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவன் அக்கா அனிதா. “என்னய ஜெயிச்சவன் வேற எவன்கிட்டயும் தோக்கக் கூடாதுக்கா!” கடைசி ரவுண்டில் எர்லானின் புருவம் கிழிந்து ரத்தம் வழிகிறது, கால்கள் தளர்கின்றன. “கைய எறக்காத, எறக்காத!” பிரேமின் தோள்கள் தாமாக அசைய, பெஞ்சு குலுங்குகிறது. அரியலூர் பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஏறாமல் அவன் முதுகுக்குப் பின்னால் குவிகிறார்கள். சட்டென்று எர்லான் குனிகிறான், இடுப்பைத் திருப்புகிறான், அவனுடைய வலது கை எதிராளியின் தாடையில் இறங்குகிறது. மணி அடிக்கிறது. நடுவர் எர்லானின் கையை உயர்த்தியதும் விசில் பறக்கிறது. “யாருப்பா ஜெயிச்சது, நம்மாளா?” என்று தலையை நீட்டுகிறார் பஸ் கண்டக்டர். கண் கலங்கச் சிரிக்கிறான் பிரேம். “ஆமாண்ணே, நம்மாளுதான்!”