மடியில் ஒரு ஜோடிச் செருப்பு

புருஷனின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் படகில் உட்கார்ந்திருந்தாள். ஈரம் படக்கூடாதாம். தன் செருப்பு காலடியில் தேங்கிய தண்ணீரில் மிதந்துகொண்டிருந்ததை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

கைடு பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லானாலும் கணவன் என்பார்கள். இது கல்கூட இல்லை, வெறும் வாய். கரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து அந்த ஆள் சுறாவை விரட்டிய கதையும் சுழலில் நீந்திய கதையுமாக அளந்துகொண்டிருந்தார். இந்த லட்சணத்தில் தண்ணீருக்குள் பார்க்கிற முகக் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்தார். மனசுக்குள் அவருக்கு அவள் வைத்த பெயர் சவடால்.

ஆழமில்லாத பவளத்திட்டு அது. மாண்டா திருக்கைகள் அங்கே வந்து நிற்கும், குட்டி மீன்கள் அவற்றின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்யும். கூட்டத்தைக் கண்டால் திருக்கைகள் போய்விடும் என்பதால் ஒரு நேரத்தில் நாலு பேர்தான் இறங்கலாம். சவடால் முதல் முறையிலேயே இறங்கி, தொப்புத் தொப்பென்று தண்ணீரை அடித்துவிட்டு ஏறியிருந்தார்.

“அக்கா, இப்ப உங்க முறை. வாங்க” என்றாள் கைடு.

“இவளா?” சவடால் சிரித்தார். “வாளித் தண்ணியைப் பார்த்தாலே நடுங்குவா. இவ முறையிலயும் நானே இறங்கிக்கறேன்.”

“உங்களைக் கேக்கல சார். அக்கா, நீங்க சொல்லுங்க. நாளைக்கு ஊருக்குக் கிளம்பறோம்னீங்களே? சின்ன வயசுலேர்ந்து இதை ஒரு தடவை பார்க்கணும்னு ஆசைன்னீங்களே?”

அவள் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் மாட்டியது, இன்னும் கழற்றவில்லை. “பரவாயில்ல, அவரே போகட்டும்” என்றாள்.

சீ, இப்படியும் ஒரு பிறவியா என்று நினைத்துக்கொண்டாள் கைடு. மிதிக்கிறவனைவிட மிதிபட முதுகைக் காட்டுகிறவர்களைத்தான் அவளுக்கு அறவே பிடிக்காது. இறங்கப்போகிறவர்களைப் பார்த்து மறுபடியும் பாடத்தை ஒப்பித்தாள்.

“இந்த மிதவை வளையத்தைப் பிடிச்சுக்கிட்டு அசையாம மிதக்கணும். அதுவே கிட்ட வரும். யாரும் தொடக்கூடாது. அதோட தோல்மேல வழவழன்னு ஒரு பூச்சு இருக்கு. கை பட்டா அது போயிடும், புண்ணு வரும்.”

சவடால் கேட்டால்தானே! செல்போனில் தன் மூஞ்சியையே படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

“தொட்டா என்னங்க ஆகும்?” என்றாள் மனைவி மெதுவாக.

“கடிக்காதுக்கா. கொட்டுற முள்ளும் இல்ல.”

“அது இல்லம்மா. தொட்டவங்களை என்ன பண்ணுவீங்க?”

“தண்ணியை விட்டு ஏத்திடுவேன். அப்புறம் இறங்கவே முடியாது. அவர் காதுல இது எதுவும் விழலை போலிருக்கு, நீங்களே ஒரு தடவை சொல்லிடுங்க.”

அவள் குனிந்து புருஷன் காதில் ஏதோ சொன்னாள். அவர் மூக்கு விடைத்தது. “அப்படியா சொல்றா?” என்று கைடை முறைத்துவிட்டுத் தண்ணீரில் விழுந்தார். பொம்பளை சட்டம் பேசினால் பிடிக்காத ரகம் என்று உதட்டைச் சுழித்தபடி கைடும் பின்னாலேயே இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு திருக்கை வந்தது. பாயை விரித்துப் போட்ட மாதிரி அகலம், அவசரமே இல்லாத வருகை. மற்ற மூவரும் மூச்சுவிடவும் மறந்து மிதந்தார்கள். சவடால் வளையத்தை உதறிவிட்டுக் குபீரென்று பாய்ந்து அதன் முதுகில் பளாரென்று ஒரு அறை விட்டார். அது ஒரே உதறலில் காணாமல் போனது.

மேலே வந்தவர் மூச்சிரைக்கக் கத்தினார். “பார்த்தியா? இப்ப என்ன சொல்றே?”

“படகுல ஏறுங்க சார்.”

“நான் யாருன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும். படகுல உக்காரப் போறவரு.”

படகோட்டி அவரை மிதவைச் சட்டையோடு சேர்த்துத் தூக்கி உள்ளே போட்டான். கைடு நம்பிக்கையே இல்லாமல் மனைவியைப் பார்த்தாள். “ஒரு இடம் காலியா இருக்குக்கா. வர்றீங்க...”

சொல்லி முடிப்பதற்குள் அவள் கண்ணாடியை மாட்டியாயிற்று. மடியில் இருந்த செருப்பைப் புருஷன் மடியில் வைத்தாள். மிதந்துகொண்டிருந்த தன் செருப்பையும் எடுத்து, சொட்டச் சொட்ட அதன்மேலேயே வைத்தாள். “பிடிச்சுக்கோங்க” என்றுவிட்டு, தண்ணீர் தெறிக்காமல் இறங்கினாள்.

வளையத்தைப் பிடித்து அவள் கட்டைபோல அசையாமல் கிடந்தாள். வெகு நேரம் கழித்துத் திருக்கை திரும்பி வந்தது. அவளுக்கு நேர் கீழே புரண்டு, வெள்ளை வயிற்றைக் காட்டி, மறுபடியும் புரண்டது. தலையைத் தூக்கியபோது அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

“பாவம், அதுக்கு ரொம்ப வலிச்சிருக்குமோ?”

“அவர் பண்ணதுக்கு நீங்க ஏன்க்கா வருத்தப்படறீங்க? தொடக்கூடாதுன்னு நீங்க சொல்லியும் கேக்காத ஜென்மம்!”

அவள் படகின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அதைத் தொடுற தைரியமெல்லாம் உங்களுக்குக் கிடையாதுன்னு நீ சொன்னதாத்தாம்மா அவர்கிட்ட சொன்னேன்.”