நூலகரின் அட்டை

இப்போது யாரும் எந்தப் புத்தகத்தையும் தடைசெய்யச் சொல்வதில்லை. அவரவர் மனத்தைப் புண்படுத்தும் வரிகளை, உறுப்பினர் அட்டையைப் பார்த்து நூலகத்துத் திரையே நீக்கிக் கதையை மாற்றிவிடுகிறது.

செண்பகவல்லி மட்டும் நூலகர் இருதயராஜிடம் வந்து நின்றாள்.

"எந்தக் கதையிலயும் ஒரு பிள்ளைகூட சாகமாட்டேங்குது சார். என் பையன் மட்டும்தான் செத்தானா? இந்த நாவல்ல பையன் செத்துப்போறான்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. நான் படிச்சா, அவன் வீட்டுக்கு வந்து சாப்பிடுறான்."

விதியை மீறி, இருதயராஜ் தன் அட்டையைக் கொடுத்தார். சாயங்காலம்வரை படித்து அழுதவள் அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த அம்மா என்னை மாதிரியே அழுறா சார். ஆனா எனக்கு வந்த கதையில அவனுக்கு அப்பா இருந்தாரே, உங்களுதுல காணோமே?"

அவர் வருஷக்கணக்காக எல்லோருக்கும் சிபாரிசு செய்த நாவல் அது. அதில் ஓர் அப்பா இருப்பது இருதயராஜுக்குத் தெரியாது.